என் மூக்கும் தர்ஷினியின் மூச்சும்

என் மகள் கள் குடித்துவிட்டாள் என்று நம்பினேன்.

ஒரு பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம். எங்கள் தோப்பில் இறக்கி வைத்த கள்ளைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு என் ஒரே மகள் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள் என்று சத்தியமாக நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, விசாரணைக் கமிஷனும் வைத்தேன்.

தர்ஷினிக்கு இப்போது பதினேழு வயது. இந்தத் தொடரில் இதுவரை என் கிணறு, என் டிராக்டர், என் தொப்பை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எழுதித் தள்ளிவிட்டேன். எதனிடமும் அனுமதி கேட்கவில்லை. இதை மட்டும் கேட்காமல் எழுத மனசு வரவில்லை. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"எழுதிக்குங்ப்பா. ஆனா கடைசியில நடந்தத நடந்தபடி எழுதோணும். அங்க வந்து ஜோக்கடிக்கக் கூடாது."

"அப்ப அதுக்கு முன்னாடி அடிக்கலாமா?"

"வேண்டாம்னா உட்டுருவீங்களாக்கும்?"

அனுமதி கிடைத்துவிட்டது.

படித்த மூக்கு

முதலில் என் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குற்றவாளி அதுதான்.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. பாதி மரத்தில் தேங்காய், பாதி மரத்தில் கள். இந்தப் பக்கத்துக் கள் தினமும் காலையில் வண்டியேறித் தெற்கே எங்கெங்கோ உள்ள கள்ளுக்கடைகளுக்குப் போகும். நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் மோந்து பார்த்தே ஜாதகம் சொல்வேன். இது இன்றைக்கு விடியலில் இறக்கியது, இது நேற்றுச் சாயங்காலத்தது, இது கலயம் கழுவாமல் கட்டியது. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி எங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே, "ஊசிப்போச்சு, நிறுத்துங்க" என்று எழுந்து நின்றவன் நான். மாப்பிள்ளை வீட்டார் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. மூக்குக்கு என்ன குறைச்சல்?

இந்த மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் மல்லிகாவைப் பெண் பார்க்கப் போனேன். காபி வந்தது. பெரிய மனிதத் தோரணையில் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "பால்ல தண்ணி கொஞ்சம் எச்சாட்டம் இருக்குதே" என்றேன். சும்மா ஒரு வேடிக்கைக்கு.

மல்லிகா அப்போதே பால் சொசைட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக உள்ளே போனாள். ஒரு சொம்பில் பாலும், பாலை அளக்கிற கண்ணாடிக் குழலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மோந்து பாத்துச் சொல்றதெல்லாம் எங்க சொசைட்டியில செல்லாதுங்க. அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

குழலை அவளே பாலில் விட்டுக் காட்டினாள். தண்ணீர் ஒரு துளி இல்லை. அங்கிருந்த ஒறம்பரை சனம் மொத்தமும் சிரித்தது. அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் மோந்து பார்ப்பேன், அவள் அளந்து பார்ப்பாள்.

எல்லாம் வெயிலுக்குத்தான்

அந்த வருடம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நின்றுபோனால் எங்கள் ஊர், அடுப்பு மேல் வைத்த தோசைக்கல். ஆகவே தர்ஷினி தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபோது எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

"ஏனுங்க, புள்ள ஒரு குடம் தண்ணி குடிக்கிறா. பாத்தீங்களா?" என்றாள் மல்லிகா.

"வெயிலுக்கு."

"பாவாடையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு."

"ஒசரமாவுறா. வெயிலுக்குச் செடி நீளுதில்ல?"

வெயிலுக்கு எந்தச் செடி நீளும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு செடியின் பெயரையும் சொல்லியிருப்பேன்.

டீச்சர் கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் மணிக்கொரு தரம் பாத்ரூம் போகக் கேட்கிறாள் என்றார். "தண்ணி குடிச்சா போகத்தானே டீச்சர் வேணும்" என்று இயற்கையின் நியதியை அவருக்கு விளக்கினேன். வீட்டுக் கக்கூஸில் எறும்பு சாரை சாரையாக வந்தது. கடைக்குப் போய் எறும்புப் பொடி வாங்கிவந்து தூவினேன். எறும்புகள் என்னைவிடப் புத்திசாலிகள். இனிப்பு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களை நான் பொடி தூவிக் கொன்றேன்.

இதற்கெல்லாம் சிகரமாக ஒரு காரியம் செய்தேன். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் தாகத்துக்கு என்ன செய்வான்? இளநீர் வெட்டினேன். காலையில் இரண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு, பொழுது சாய இரண்டு. நல்ல செவ்விளநீர், தேன் மாதிரி. அவள் மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னொண்ணுங்ப்பா" என்பாள். பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் அரிவாளோடு நின்று, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

அத்தனையும் அன்பால் செய்தேன் என்பதுதான் இதில் மோசம்.

"பரீட்ச முடிஞ்சதும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டோணுமுங்க" என்றாள் மல்லிகா. சரி என்றேன். பரீட்சை முடியும்வரை அது காத்திருக்கவில்லை.

விசாரணைக் கமிஷன்

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகா சொசைட்டிக்குப் போயிருந்தாள். தர்ஷினி விடிந்ததிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்து, வயிறு வலிக்கிறது என்று படுத்திருந்தாள். போர்வையை இழுத்துவிடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் அந்த வாசம்.

இனிப்பு. இனிப்புக்குள் ஒரு புளிப்பு. அதற்கும் அடியில் சுருக்கென்று ஏறுகிற ஒன்று. கொல்லைப்புறத்தில் தினமும் காலையில் நான் மோந்து பார்க்கிற கள்ளுக்குச் சொந்தக்கார வாசம்.

"கண்ணு, எந்திரி. வாயைத் திற."

திறந்தாள். கண் செருகியது. "என்னங்ப்பா" என்பதையே மூன்று துண்டாகச் சொன்னாள். எழுப்பி உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் அறிந்த உலகத்தில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"உண்மையச் சொல்லு. கள்ளுக் குடிச்சியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

"இல்லீங்ப்பா."

"வாசம் வருது சாமி."

"இல்லீங்ப்பா."

கோபமா? கோபம் கூட இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்கிற பதற்றம். என் பதற்றம் எப்போதும் தப்பான வாசலைப் பார்த்துத்தான் ஓடும். மகளைக் கட்டிலில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் ஓடினேன், சாட்சியைத் தேடி.

சாட்சி பன்னிரண்டாவது மரத்தின் உச்சியில் இருந்தான். ஆறுச்சாமி. முப்பது வருடமாகக் கள் இறக்குகிறவன்.

"ஆறுச்சாமீ! கீழ எறங்கு!"

"பாளை சீவிட்டு இருக்கறனுங்ணா. சித்த இருங்க."

சித்த இருந்தேன். மரத்தடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வரிசையாய் வைத்திருந்த கலயங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்தேன், எதில் குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றைத் தட்டிவிட்டு, வேட்டியெல்லாம் கள். இப்படியே கால் மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும்.

அவன் இறங்கி வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "பாப்பா இந்தப் பக்கம் வந்துச்சா? கலயத்துல கை வெச்சுச்சா?"

ஆறுச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அண்ணா, என்ன பேச்சுங்க இது? தர்ஷினிப் பாப்பாவா? அது இந்தப் பக்கம் வந்தா மூக்கப் பொத்திட்டு ஓடுமேங்க."

"வாசம் வருதுடா. நான் மோந்து பாத்தேன்."

"தள்ளாடுதுங்களா?"

"ஆமா. மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுனு, ஓடி வந்தவனாட்ட உடுது."

அவன் அரிவாளைக் கீழே போட்டான்.

"குடிச்சவன் மூச்சு அப்பிடி வாங்காதுங்ணா. கொறட்டைதான் உடுவான். வாங்க."

எனக்கு முன்னால் அவன் ஓடினான். வீட்டு வாசலில் தயங்கி நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்து, கட்டிலருகே குந்தினான். தர்ஷினியின் மூச்சு வயிற்றின் அடியிலிருந்து இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"இது கள்ளு வாசமில்லீங்ணா. அழுகுன பழத்து வாசம். அக்காவக் கூப்புடுங்க. மொதல்ல அக்காவக் கூப்புடுங்க."

கள்ளு வண்டி

போன் போட்டு, மல்லிகா வந்து சேரும்போதே கேட் வாசலில் ஆரன் சத்தம். தினமும் அந்த நேரத்துக்குக் கள் ஏற்ற வரும் வண்டி. ஓட்டுநர் பிஜு தெற்கத்தி மலையாளி. என்னோடு அதுவரை "சேட்டா, போட்டே" என்று விடைபெறுவதற்கு மேல் பேசியதில்லை. எங்கள் ஊரில் ஆட்டோவுக்குப் போன் போட்டால் வந்து சேர அரை மணி ஆகும். பிஜு எங்கள் முகத்தைப் பார்த்தார், ஆறுச்சாமியின் தோளில் துவண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து நாலு கேன்களைத் தூக்கி மண்ணில் இறக்கினார்.

"கேறிக்கோ. வேகம், வேகம்."

மீதிக் கேன்களுக்கு நடுவில் மல்லிகா உட்கார்ந்தாள். மகள் தலை அவள் மடியில், கால் என் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கள் தளும்பி என் சட்டையில் தெறித்தது.

"என்ன ஆச்சுன்னு நெனச்சீங்க? எங்கிட்ட எதுக்கு ஒடனே சொல்லல?"

சொன்னேன். என்ன நினைத்தேன் என்பதைச் சொன்னேன். மல்லிகா என்னைத் திட்டவில்லை. மகளின் வாய்க்குப் பக்கத்தில் புறங்கையை வைத்து, மூச்சை எண்ண ஆரம்பித்தாள். அளக்கிறவள் அல்லவா?

பாதி வழியில் தர்ஷினி கண்ணைத் திறந்தாள். அம்மாவை விட்டுவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாள்.

"நான் குடிக்கலீங்ப்பா."

"செரி சாமி. பேசாத."

அவ்வளவுதான் சொன்னேன். "செரி." அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது.

யார் குடித்தது?

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குள் நாங்கள் நுழைந்ததும், அந்த அறையே கள்ளுக்கடையாகிவிட்டது. நர்ஸ் என்னிடம் வந்து மூக்கைச் சுளித்தார்.

"சேட்டன் குடிச்சிட்டுண்டோ?"

"ஐயோ, நானில்லீங்க சிஸ்டர்."

"பின்னே ஆரா?"

நான் வாய் திறப்பதற்குள் மல்லிகா என் காலை ஓங்கி மிதித்தாள்.

இளவயது டாக்டரம்மா. பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் நின்று பார்த்தார். மோந்து பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தாலும் என்னைத்தான் மோந்திருப்பார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு துளி ரத்தம், சின்னக் கருவி. கருவி எண் எதையும் காட்டவில்லை. தன்னால் அளக்க முடிந்த எல்லையைச் சர்க்கரை தாண்டிவிட்டது என்று மட்டும் அறிவித்தது.

"மோள் வெள்ளம் ஒருபாடு குடிக்குமோ? மெலிஞ்சோ? எத்தர நாளாயி?"

தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், மெலிந்துவிட்டாள், ஒரு மாதம் ஆகிறது என்று ஒவ்வொன்றாக மல்லிகா சொன்னாள். எல்லாவற்றையும் அவள் கவனித்து வைத்திருந்தாள். நான் இடையில் புகுந்து, என் பங்குக்கும் ஏதாவது செய்திருக்கிறேன் என்று காட்ட, "இளநீர் குடுத்தனுங்க டாக்டர். தெனம் ஆறு" என்றேன்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. பிறகு மறுபடியும் எழுதியது.

அவர் தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாக விளக்கினார். பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் இல்லாமல் போய்விட்டது. சர்க்கரை ரத்தத்தில் வெள்ளமாக ஓடினாலும் உடம்புக்கு அது சாப்பாடாகவில்லை. பசியில் கொழுப்பை எரிக்கிறது. அந்தப் புகைதான் இந்த வாசம். ரத்தம் அமிலமாகிவிட்டது, அதை மூச்சு வழியாகத் தள்ளத்தான் இப்படி இழுக்கிறாள்.

"சரியாயிருமுங்களா?" என்றாள் மல்லிகா.

"பதுக்கே எறக்கணும். வேகமா எறக்கினா மூளைக்குக் கேடு. இந்த ராத்திரி கழியட்டே."

கழியட்டும் என்று அவர் சொன்ன விதத்தில், கழியாமலும் போகலாம் என்பது இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே

ஐசியூ கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதில் என் மூக்கு அப்பி அப்பி எண்ணெய் வட்டமாகிவிட்டது. நர்ஸ் வந்து துடைப்பார்; நான் மறுபடியும் அப்புவேன். அவர் துடைத்துக்கொண்டே, "சேட்டா, மூக்கு அவிடெ வெச்சிட்டுப் போய்க்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது வேறு எதுவாகவோ முடிந்தது.

ஆறுச்சாமி சாயங்காலம் பஸ் பிடித்து வந்தான். எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தான். பிஜு இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார். அன்றைக்கு அவருடைய கள் எந்தக் கடைக்கு எத்தனை நேரம் பிந்திப் போனதோ, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மணிக்கொரு தரம் உள்ளே ரத்தம் எடுத்து அளந்தார்கள். மணிக்கொரு தரம் மல்லிகா எழுந்துபோய் எவ்வளவு என்று கேட்டு வந்தாள். இறங்குகிறது, மெதுவாக இறங்குகிறது. நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கண் விழித்ததும் அவளிடம் சொல்ல வேண்டிய பேச்சு. நாலு பத்தி, நல்ல தொடக்கம், நடுவில் ஒரு ஜோக், உருக்கமான முடிவு.

மறுநாள் மத்தியானம் உள்ளே விட்டார்கள். தர்ஷினி விழித்திருந்தாள். இரண்டு கையிலும் குழாய். முகம் சிறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"பரீட்ச போச்சுங்களாப்பா?"

"இன்னும் நாள் இருக்குது கண்ணு."

"இப்ப வாசம் வருதுங்களா?"

குனிந்தேன். ஆஸ்பத்திரி வாசம். இரண்டு நாள் விளக்காத பல் வாசம். அவளுடைய வாசம்.

"இல்ல சாமி."

தயார் செய்த பேச்சில் ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை. "நீ குடிக்கலைன்னு எனக்குத் தெரியும் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"டாக்டரம்மா சொன்னப்ப."

அவள் கூரையைப் பார்த்தாள்.

"நான் சொன்னப்பத் தெரியலீங்களா?"

குழாய் போகாத இடமாகப் பார்த்து அவள் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஊதிக் காட்டுதல்

வீட்டுக்கு அனுப்பும் முன் ஆஸ்பத்திரியில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மல்லிகா ஒரே நாளில் கற்றாள். நான் மூன்று நாள் ஒரு சாத்துக்குடியைக் குத்திக் குத்திப் பழகினேன். நாலாம் நாள் தர்ஷினி ஊசியை என் கையிலிருந்து வாங்கி, "சாத்துக்குடி பாவங்ப்பா" என்று தானே போட்டுக்கொண்டாள். இன்றுவரை தானேதான் போட்டுக்கொள்கிறாள். காய்ச்சல் வாந்தி என்றால் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது, உடனே அளந்து பார்த்து டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஆறுச்சாமி உட்பட எல்லோருக்கும் மனப்பாடம்.

இளநீரால் இது வந்துவிட்டதா என்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். இல்லை, நீங்கள் பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். அந்த நிலைமையில் அது நல்லதும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவளுக்காக நான் இளநீர் வெட்டியதில்லை. எப்போதாவது அவளே அளவு பார்த்து, "இன்னிக்கு அரை டம்ளர் குடிக்கலாமுங்ப்பா, வெட்டுங்க" என்றால் மட்டும் அரிவாளை எடுப்பேன்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தாள். காலையில் விரலைக் குத்துவதற்கு முன்னால் என் முன்னே வந்து நிற்பாள்.

"அப்பா, மோந்துட்டுச் சொல்லுங்க. எவ்வளவு?"

முகத்தில் ஊதுவாள். நான் கண்ணை மூடி, மூக்கை விரித்து, பெரிய நிபுணனாக ஒரு எண்ணைச் சொல்வேன். பிறகு கருவி சொல்லும். நான்கு வருடத்தில் ஒரு நாள் கூட என் மூக்கு ஜெயித்ததில்லை. மல்லிகா அடுப்படியிலிருந்தே, "சொசைட்டியில செல்லாதுங்க" என்பாள். தர்ஷினி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக, சில நாள் சரியான எண் தோன்றினாலும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன் என்று இங்கே எழுதலாம் என்றுதான் இருந்தேன். அது பொய். எனக்குச் சரியான எண் தோன்றியதே இல்லை.

இனி அவள் கேட்டபடி.

அன்றைக்கு என் மகளின் உடம்பில் இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. ரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது. அவள் கள் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று மூன்று முறை சொன்னாள். நான் நம்பவில்லை. அதனால் அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டோம். அவள் பிழைத்துக்கொண்டாள்.